முழங்கால் நன்றாக இருந்த காலம்

கே: "அந்தக் காலம்தான் பொற்காலம்" என்று என் வீட்டுக்காரர் தினமும் பாடுகிறார். உண்மையா?
– வாசகி, கும்பகோணம்

ப: எந்தக் காலம் என்று கேளுங்கள். ரூபாய்க்கு ஒரு படி அரிசி நிச்சயம் என்ற வாக்குறுதி 1967 தேர்தலில் ஓட்டுகளை அள்ளியது. ஒரு படி அரிசிக்கு ஜனம் அப்படி ஏங்கிய காலத்தைப் பொற்காலம் என்றால் பொன்னே கோபித்துக்கொள்ளும். அவருக்கு முழங்கால் நன்றாக இருந்த காலம் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

கே: அப்படியானால் அறுபதைத் தாண்டிய நமக்கு என்னதான் கொடுப்பினை?
– வாசகர், சேலம்

ப: அறுபதைத் தாண்டியதே கொடுப்பினைதான். நாம் சிறுவர்களாக இருந்தபோது ஊருக்குள் பெரியம்மை வரும். வாசலில் வேப்பிலை செருகிய வீட்டுக்குள் அயலார் நுழைய மாட்டார்கள். பிழைத்தவர்களும் முகமெல்லாம் குழியோடு வாழ்ந்தார்கள். சிலருக்குக் கண்ணே போயிற்று. அம்மை குத்துகிறவர் தெருமுனையில் தெரிந்ததும் நாம் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிவோம். இழுத்து வந்து, கையைப் பிடித்துக் குத்தி அனுப்புவார்கள். இந்தியாவில் கடைசியாக ஒருவருக்கு அந்த நோய் கண்டது 1975-ல். 1980-ல் உலகத்திலேயே அது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தலைமுறை தலைமுறையாக மனிதரைத் தின்ற நோய், நாம் ஆளாவதற்குள் ஒழிந்துவிட்டது. வெயிலில் கிராமம் கிராமமாக நடந்து, நம்மிடம் கடியும் உதையும் வாங்கிய அந்த ஊழியர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது. என் நன்றியில் முதல் பங்கு அவர்களுக்கு.

கே: முதுமை வந்துவிட்டது என்பதற்கு அடையாளம் எது?
– வாசகர், திருச்சி

ப: பஸ்ஸில் ஒரு பையன் எழுந்து இடம் கொடுப்பது. "பரவாயில்லை தம்பி" என்று வீம்பு பண்ணாமல் உட்காருங்கள்.

கே: ஓய்வு பெற்றாயிற்று. இனிமேல் நம்மால் என்ன ஆகும்?
– வாசகர், விருதுநகர்

ப: பக்கத்து ஊரான மதுரையைப் பாருங்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் அவர் விரல்கள் கோணியிருந்தன. அந்த விரல்களாலேயே கண்புரை அறுவை செய்தார். நம் பாட்டிகள் புரை விழுந்த கண்ணோடு சுவரைத் தடவித் தடவி நடந்தார்கள். நமக்கு லென்ஸ் வைத்து, மறுநாளே பேப்பர் படிக்கலாம் என்கிறார்கள்.

கே: இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கஷ்டமே தெரியவில்லையே?
– வாசகர், ஈரோடு

ப: நம் கஷ்டம் அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் கஷ்டம் நமக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் மூடப்பட்டது. மாதம் பிறந்தால் பென்ஷன் வாங்கும் நாம், வேலை நிலைக்குமா என்றே தெரியாத பிள்ளைக்குப் புத்தி சொல்லுமுன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கே: பெண்ணாய்ப் பிறந்த நாங்களும் நம் தலைமுறையில் வாழ்ந்ததற்கு நன்றி சொல்ல வேண்டுமா?
– வாசகி, திருநெல்வேலி

ப: உங்களிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, அம்மா. குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-ல் சட்டம் செய்தது. அதற்கு முன்பே மணமாகிப் போன பெண்களுக்கு அதில் இடமில்லை. நம் வயதுப் பெண்களில் பெரும்பாலோர் அப்படிப் போனவர்கள்தான். 2005-ல் மத்தியச் சட்டம் அந்தத் தடையை எடுத்தது. அதற்குள் பல வீடுகளில் பாகப்பிரிவினையே முடிந்துவிட்டது. ஆகவே பதிலை உங்களுக்குச் சொல்லாமல் உங்கள் அண்ணன் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: அக்கா தங்கைக்குச் சேர வேண்டியது இன்னும் உங்கள் பெயரில் இருந்தால், கையெழுத்துப் போட கை நடுங்காமல் இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.