மலைக்கு முதுகைக் காட்டி

"மாமா, எல்லாரும் பள்ளத்தாக்கைப் பாக்குறாங்க. நீங்க மட்டும் கொடியில காயுற துணியைப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே!"

போன ஞாயிறு, குன்னூரிலிருந்து டால்பின் நோஸ் போகும் வழியில், என் மைத்துனர் மகன் போட்ட அதட்டல் இது. இன்னும் ஆறவில்லை எனக்கு. எல்லாரும் பார்த்தார்களாம்! அந்த எல்லாரும் பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டிச் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இ-பாஸ் வாங்கி, மேட்டுப்பாளையத்திலிருந்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே ஏறி வந்தது, மலைக்கு முதுகைக் காட்டத்தானா?

மலையூரில் எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கொரு திட்டவட்டமான கருத்து உண்டு. அதற்கு வருகிறேன். முதலில் துணி.

தோட்டத்து லைன் வீடுகளில் துணி காய்வது லேசுப்பட்ட காரியமில்லை. வெயில் எட்டிப் பார்த்ததும் கொடி நிறைகிறது: பள்ளிச் சீருடை, லுங்கி, குரங்குக் குல்லா, சிவப்புப் பாவாடை. கால் மணி நேரத்தில் கீழேயிருந்து மஞ்சு ஏறும். உள்ளேயிருந்து ஒரு அம்மா ஓடி வந்து அத்தனையையும் உருவிக்கொண்டு போவார். மஞ்சு விலகும். மறுபடி கொடி. மறுபடி மஞ்சு. சட்டை எப்படியோ காய்ந்துவிடும். ஸ்வெட்டர் காயாது. அதன் உடம்பு காய்ந்தால் கை காயாது, கை காய்ந்தால் கழுத்து காயாது. அந்த அம்மா கையைப் பிழிந்து பார்க்கிறார். முகர்ந்து பார்க்கிறார். யோசிக்கிறார். நாளைக்குப் பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டுமே! சாக்ஸைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்; ஒன்று காய்ந்த வீட்டில் மற்றொன்று காய்ந்து நான் பார்த்ததில்லை. இந்தப் பதற்றத்தை விட்டுவிட்டு நான் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டுமாம். பள்ளத்தாக்கு எங்கே போகப் போகிறது?

இன்னொன்று. பின்னணிக்கு வேண்டும் என்று இவர்கள் தேடி அலையும் பச்சை இருக்கிறதே, அது தானாக அமைந்ததில்லை. தேயிலையை விட்டுவைத்தால் மரமாக வளர்ந்துவிடும். வெட்டியும் கிள்ளியும் அதை இடுப்பளவில் வைத்திருப்பவர்களின் துணிதான் அங்கே காய்கிறது. இதைச் சொன்னேன். "மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஃபிரேம்ல விழுறீங்க" என்றான்.

மலை ரயிலிலும் இதே கூத்துதான். 1899-லேயே குன்னூர் வரை ஏறிவிட்ட வண்டி. தண்டவாளத்தின் நடுவே பல்லைப் பிடித்துப் பிடித்து ஏறி, ஹில்குரோவில் நின்று தண்ணீர் குடிக்கிறது. நின்று பார்க்க வேண்டிய காட்சி. நம் ஆட்கள் குரங்குக்கு பிஸ்கட் போடப் போய்விடுகிறார்கள்.

சரி, அந்தக் கருத்தைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தால், வேன் தொட்டபெட்டாவுக்குக் கிளம்பிவிட்டது. 2,637 மீட்டர் உயரம், சுற்றிலும் மேகம். அதற்குள் நின்றுகொண்டு டெலஸ்கோப்புக்கு வரிசை. நான் இறங்கவில்லை. வெள்ளையாகத் தெரிந்ததாம். அந்த வெள்ளைக்கு முன்னால் குடும்பமே பல்லைக் காட்டி நிற்கும் படம் நேற்று வாட்ஸப்பில் வந்தது. எல்லாரும் இதயம் போட்டிருக்கிறார்கள். நான் போடவில்லை. போடவும் மாட்டேன்.