பிதா மட்டும் இருந்த இசைக்குழு

அமெரிக்காவில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஃப்ரீமான்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே ஆஸ்டின் விகின் என்றொரு பஞ்சாலைத் தொழிலாளி. அவர் கைரேகையைப் பார்த்து அவருடைய அம்மா மூன்று விஷயம் சொன்னாராம்: செம்பட்டைமுடிக்காரியைக் கட்டுவாய், நான் போன பிறகு உனக்கு இரண்டு ஆண் பிள்ளைகள், உன் பெண்கள் இசைக்குழு வைத்துப் பேர் வாங்குவார்கள். முதல் இரண்டும் பலித்துவிட்டன. மூன்றாவதை விதியின் பொறுப்பில் விட ஆஸ்டினுக்குப் பொறுமையில்லை.

தன் பெண்கள் டாட், பெட்டி, ஹெலன் மூவரையும் பள்ளியிலிருந்து நிறுத்தினார். பாடம் தபாலில் வந்தது. காலையில் பயிற்சி, மத்தியானம் பயிற்சி, அப்பா ஆலையிலிருந்து திரும்பியதும் மறுபடி பயிற்சி, படுக்குமுன் தேகப்பயிற்சி. பெண்களுக்கு இதில் இஷ்டமா என்று கேட்க ரேகையில் இடமில்லை. குழுவுக்கு 'ஷாக்ஸ்' என்று பேர் வைத்து, 1968இல் பக்கத்து எக்ஸிடரில் ஒரு திறமைப் போட்டியில் மேடையேற்றினார். சோடா டின்கள் பறந்தன. இன்னும் பயிற்சி போதாது என்பது அப்பாவின் தீர்ப்பு. அப்புறம் ஃப்ரீமான்ட் டவுன் ஹாலில் சனிக்கிழமைக் கச்சேரி. வேறு போக்கிடம் இல்லாத ஊர்ப் பையன்கள் வந்து, கேலி செய்துகொண்டே ஆடினார்கள்.

1969இல் மாசசூசெட்ஸில் ரிவியர் நகரத்து ஸ்டுடியோவில் 'பிலாசபி ஆஃப் தி வேர்ல்ட்' என்ற ஆல்பம் பதிவானது. இவர்கள் இன்னும் தயாராகவில்லை என்று ஸ்டுடியோக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். சூடு ஆறுவதற்குள் பதிய வேண்டும் என்று ஆஸ்டின் ஒற்றைக்காலில் நின்றார். சுருதி மாதா, லயம் பிதா என்பார்கள். இங்கே பிதா நேரிலேயே இருந்தார், லயத்தைத்தான் காணோம். டாட் பாடும் ஒவ்வொரு அசையையும் கிட்டார் விடாமல் துரத்தும். ஹெலனின் டிரம்ஸ் வேறேதோ பாட்டுக்கு வாசிக்கும். காணாமல் போன பூனையைத் தேடி ஒரு பாட்டு. அந்தப் பூனை ஏன் வீட்டைவிட்டுப் போனது என்பதில் எனக்கொரு சந்தேகம் உண்டு. நடுவில் வாசிப்பை நிறுத்தி, தப்பு வந்துவிட்டது என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார்களாம். எது தப்பு என்று ஒலிப்பதிவுக்காரர்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

1,000 இசைத்தட்டுகளுக்குப் பணம் கட்டினார் ஆஸ்டின். கைக்கு வந்தது 100. மிச்சம் 900உடன் தயாரிப்பாளர் தலைமறைவானார் என்று கதை. 1975இல் ஆஸ்டின் மாரடைப்பில் போனார். பெண்கள் அத்தோடு வாத்தியங்களைக் கீழே வைத்தார்கள். கட்டளையிட ஆளில்லையே!

அப்புறம்தான் விபரீதம். 1980இல் தட்டு மறுபடி வெளியானது. நிர்வாணா குழுவின் கர்ட் கோபெய்ன் தனக்குப் பிடித்த ஆல்பங்களில் ஐந்தாவதாக இதை எழுதி வைத்தார். பழைய தட்டு ஒன்றுக்கு இன்று ஆயிரக்கணக்கான டாலர் விலை. 900ஐ எங்கேயோ தொலைத்த அந்த மனிதர் இருந்தால் தலையில் அடித்துக்கொள்வார்.