ஃபிளாஸ்க் மிஸ்

ஃபிளாஸ்க் இல்லாமல் ஹைபிரிட் வகுப்பு எடுத்த ஆசிரியை மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை யாராவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து சால்வை போர்த்துகிறேன். எனக்குத் தெரிந்து இல்லை. இது பொதுவாக ஃபிளாஸ்க் மிஸ்களைப் பற்றி எழுதுவது, குறிப்பிட்ட யாரையும் பற்றி அல்ல. இயற்பியல் நடத்துவார், மாடவீதிப் பக்கம் குடியிருப்பார், ஸ்கூட்டியின் முன்கொக்கியில் நீலப் பை தொங்கும், என் வகுப்புக்கு அடுத்த வகுப்பு. இதற்குமேல் அடையாளம் சொல்வது நாகரிகம் அல்ல.

2021 செப்டம்பர் 1-ஆம் தேதி ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பள்ளி திறந்தபோது, பாதிப் பேர் இன்று, மீதிப் பேர் நாளை என்று சுழற்சி முறை வந்தது. வீட்டிலிருக்கும் பாதியை ஏன் சும்மா விட வேண்டும் என்று பல தனியார் பள்ளிகள் அவர்களையும் அதே மணியில் ஆன்லைனில் உட்காரவைத்தன. எதிரே மாஸ்க் போட்ட இருபது பேர். செல்போனுக்குள் கேமராவை அணைத்த இருபது பேர். நடுவில் ஒரே ஒரு மிஸ். மிஸ்ஸின் மேஜையில் ஒரு ஃபிளாஸ்க்.

ரங்கநாதன் தெருவில் பேரம் பேசி வாங்கிய அரை லிட்டர் எவர்சில்வர் ஃபிளாஸ்க். மூடியே டம்ளர். அதற்குள் போகும் காபிக்கு ஒரு பூர்வ கதை உண்டு, கேட்காமலே சொல்வார். பீபரியும் பிளான்டேஷன் ஏ-யும் சரிபாதி, சிக்கரி நூற்றுக்கு இருபதைத் தாண்டினால் கடைக்காரரோடு சண்டை. விடியற்காலை நாலரைக்கு எழுந்து பித்தளை ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறக்குவார். ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பாலைத் தண்ணீர் கலக்காமல் காய்ச்சுவார். அதற்குமுன் ஃபிளாஸ்க்கில் கொதிக்கிற வெந்நீரை ஊற்றி மூடி, ஐந்து நிமிஷம் கழித்துக் கொட்டிவிட்டுத்தான் காபியை ஊற்றுவார். “இல்லாட்டி முதல் சூட்டையெல்லாம் எவர்சில்வரே குடிச்சிடும் ஐயா” என்பார். இயற்பியல் படித்தவர் காபி போட்டால் இப்படித்தான்.

வகுப்பில் செல்போனை நிறுத்த நிர்வாகம் டிரைபாட் வாங்கிக் கொடுத்தது. மூன்று கால், நீட்டலாம், மடக்கலாம், கழுத்தைத் திருப்பலாம். மிஸ் அதை மூலையில் நிறுத்தி, நீலப் பையை அதில் மாட்டினார். செல்போனை எடுத்து ஃபிளாஸ்க்கின் மேல் சாய்த்தார். கரும்பலகை அழகாகத் தெரிந்தது.

2020 ஜூனில் புனேயில் ஒரு வேதியியல் ஆசிரியை, துணி மாட்டும் ஹேங்கரைக் கயிறு கட்டித் தொங்கவிட்டு அதில் செல்போனைப் பொருத்திப் பாடம் நடத்திய படம் நாடு முழுக்கச் சுற்றியது. இன்னொரு ஆசிரியை இரண்டு டப்பாக்களின் மேல் ஃபிரிட்ஜ் தட்டை வைத்து, அதன்மேல் செல்போனைக் கவிழ்த்துப் பாடம் எடுத்தார். இருவரையும் எல்லாரும் பாராட்டினார்கள், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ஹேங்கரிலிருந்து காபி வராது.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு சிக்கல். மிஸ் ஒரு வாய் காபி குடிக்க ஃபிளாஸ்க்கைத் தூக்கினால் செல்போன் மல்லாந்து விழும். வீட்டிலிருக்கும் இருபது பேருக்கும் கரும்பலகை போய் மின்விசிறி வரும்.

“மிஸ், ஃபேன் தெரியுது.”

“தெரியட்டும். சுத்துதா?”

“சுத்துது மிஸ்.”

“அதான் சர்க்குலர் மோஷன். ஆங்குலர் வெலாசிட்டின்னா என்னன்னு நோட்ல எழுதுங்க. இதோ வந்துட்டேன்.”

உடனே மைக் மியூட் ஆகும். மூடி திறக்கும். பிளஸ் ஒன் பிள்ளைகள் அந்த வருஷம் மின்விசிறியைப் பார்த்தே பாதி இயக்கவியலைக் கற்றார்கள். அடையாறு காந்தி நகரில் ஒரு பையனின் பாட்டி, பேரனின் திரையில் மின்விசிறி வந்ததும் மருமகளைக் கூப்பிட்டு, “அவா மிஸ் குடிக்க ஆரம்பிச்சாச்சு, எனக்கும் ஒரு அரை டம்ளர் கலந்துடும்மா” என்பாராம். பெற்றோர் கூட்டத்தில் அந்த மருமகளே சொன்னது. புகாராகத்தான் சொன்னார். மிஸ் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

ஆரம்பத்தில் மிஸ்ஸுக்கு இந்தப் பாடெல்லாம் தேவைப்படவில்லை. பள்ளி ஜூமின் இலவசக் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் கூட்டம் 40 நிமிஷத்தில் தானாக அறுந்துவிடும். மறுபடி லிங்க் அனுப்பி, “கேக்குதா? எல்லாருக்கும் கேக்குதா?” என்று கேட்டு, கேட்கவில்லை என்று சொல்பவனுக்கு மட்டும் எப்படிக் கேட்டது என்று விசாரித்து முடிக்க ஏழெட்டு நிமிஷம். ஒரு மூடி காபிக்கு அது தாராளம். உலகத்திலேயே அந்த 40 நிமிஷக் கெடுவை வாழ்த்தியவர் இவர் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

பிறகு நிர்வாகம் பெருந்தன்மையாகக் காசு கட்டிக் கணக்கு வாங்கியது. “இனி தடையில்லாமல் பாடம் நடத்தலாம்” என்று ஸ்டாஃப் மீட்டிங்கில் அறிவித்தபோது எல்லாரும் கைதட்டினோம். மிஸ் மட்டும் தட்டவில்லை. மறுநாளிலிருந்து, சொல்லிவைத்தாற்போல 40-ஆவது நிமிஷத்தில், மிஸ்ஸின் நெட் போக ஆரம்பித்தது.

“பிள்ளைகளா, நெட் ஸ்லோவா இருக்கு. எல்லாரும் ஒரு தடவை வெளிய போயிட்டு உள்ள வாங்க.”

வகுப்பில் நேரில் உட்கார்ந்திருக்கும் இருபது பேருக்கு மட்டும் உண்மை தெரியும். மிஸ்ஸின் கை மூடியைத் திருகும்போதே முன்பெஞ்சுக்காரி பின்னால் திரும்பி, “நெட் போகப்போகுது” என்று முன்னறிவிப்பு கொடுத்துவிடுவாள். வானிலை மையம்கூட அத்தனை துல்லியமாகச் சொன்னது இல்லை.

ஒருநாள் கரஸ்பாண்டென்ட் சுற்றுக்கு வந்தார். மேஜையில் ஃபிளாஸ்க். “இது என்னம்மா வகுப்பில்?”

“டெமோ சார். ஹீட் டிரான்ஸ்ஃபர்.”

அங்கேயே பாடம் தொடங்கிவிட்டது. 1892-இல் ஜேம்ஸ் டியூவர் என்ற ஸ்காட்லாந்துக்காரர், திரவமாக்கிய வாயுக்களைக் குளிராக வைத்திருக்க இந்தக் குடுவையைச் செய்தார். இரண்டு சுவர், நடுவில் வெற்றிடம், அதனால் வெப்பம் எளிதில் கடந்து போக வழியில்லை. அவர் காப்புரிமை வாங்கவில்லை. 1904-இல் ஒரு ஜெர்மன் கம்பெனி இதற்கு ‘தெர்மாஸ்’ என்று பெயர் வைத்து விற்றது. டியூவர் வழக்குப் போட்டுத் தோற்றார். “அவரும் புரொஃபசர்தான் சார். கண்டுபிடிச்சது வாத்தியார், காசு பார்த்தது கம்பெனி” என்று முடித்தார். கரஸ்பாண்டென்ட் அதற்குமேல் நிற்கவில்லை. அடுத்த சுற்றுக்கு அவர் வந்தபோதும் ஹீட் டிரான்ஸ்ஃபர்தான் நடந்துகொண்டிருந்தது. அதற்கடுத்த சுற்றிலும்.

ஆசிரியர் தினத்துக்கு நிர்வாகம் எல்லாருக்கும் பள்ளி முத்திரை போட்ட மக் கொடுத்தது. மிஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடி இல்லை. சாக்பீஸ் போட்டு வைத்திருக்கிறார்.

மற்ற சௌகரியங்களும் உண்டு. நாற்காலிக்கு ஒரு திண்டு. ஒரு ரிங் லைட். தொண்டைக்குக் கச்சேரி ரோட்டு டப்பா செட்டி கடையின் சித்தரத்தையும் அதிமதுரமும். மாஸ்க்குக்குள்ளிருந்து இருபது பேருக்கும் மைக்குக்குள் இருபது பேருக்கும் ஒரே தொண்டையில் கத்தினால் வேறென்ன வழி? அதே கடையில் அதே சித்தரத்தையை வாங்கும் பாடகர்களும் மேடைக்கு ஃபிளாஸ்க்கோடுதான் வருகிறார்கள். சபாவில் வித்வான் ஃபிளாஸ்க்கைத் திறப்பது எப்படியோ, வகுப்பில் மிஸ் திறப்பதும் அப்படியே: தெரிந்தவர்கள் பொறுத்திருப்பார்கள், தெரியாதவர்கள் கேன்டீனுக்கு எழுந்து போவார்கள். மயிலாப்பூரின் பாட்டு டீச்சர்கள் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஸ்கைப்பில் வர்ணம் சொல்லிக்கொடுத்த காலத்திலேயே இதையெல்லாம் பார்த்தவர்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு நேரத்தில் ஒரு சிஷ்யை. தட்சிணையும் டாலரில்.

என் குறை என்னவென்றால், மிஸ்ஸின் நெட் போகும் ஒவ்வொரு முறையும் நேரில் இருக்கும் இருபது பேர் போடும் கூச்சலுக்கு நான்தான் ஓடவேண்டும். அடுத்த வகுப்பில் நான் புறநானூற்றில் ஒரு வீரனைச் சாகடித்துக்கொண்டிருப்பேன். அவன் சாவதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் மேஜை தட்டி பாட்டு ஆரம்பித்துவிடும். போய் அதட்டினால் மிஸ் ஜன்னலோரம் நின்று, “வாங்க ஐயா, ஒரு வாய் காபி?” என்பார். ஒரு வாய் என்றால் ஒரு வாய்தான். மூடியில் கால் பாகம். மீதிக்குக் கணக்கு இருக்கிறது, நாற்பது நிமிஷம் கழித்து.

நவம்பர் மழையில் மிஸ்ஸுக்கு உரியது கிடைத்தது. 2021 நவம்பர் 6 ராத்திரி பிடித்த மழையில் தி.நகர் தெருக்கள் மிதந்தன, பள்ளிகளுக்கு விடுமுறை, ஆன்லைனுக்கு விடுமுறை இல்லை. அந்த வாரத்தில் ஒருநாள், மிஸ்ஸின் வீட்டில் நெட் நிஜமாகவே போய்விட்டது. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் பிள்ளைகள் போட்ட செய்தி: “மெதுவா குடிச்சிட்டு வாங்க மிஸ், நாங்க வெயிட் பண்றோம்.” பீரியட் முழுக்கக் காத்திருந்தார்கள். அந்தப் பாட்டியும் காத்திருந்தார், மின்விசிறி வரவில்லையே என்று.

அதே மிஸ்ஸிடம் இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். பிளஸ் ஒன்னில் ஒரு பெண். வீட்டில் ஒரே செல்போன், தம்பிக்கு ஆன்லைன் வகுப்பு முடிந்த பிறகுதான் அவள் கைக்கு வரும். அதனால் வீட்டிலிருக்கும் நாட்களில் இயற்பியல் பீரியடில் அவள் இருக்கவே மாட்டாள். மதியச் சாப்பாட்டு மணியில் எல்லாரும் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது மிஸ் செல்போனை ஃபிளாஸ்க்கின் மேல் சாய்த்து, காலையில் நடத்தியதை அவள் ஒருத்திக்காக முதலிலிருந்து நடத்துவார். அந்த அரை மணியில் ஃபிளாஸ்க்கைத் தூக்கியதே இல்லை, நெட்டும் போனதே இல்லை. காபி ஆறியிருக்காதா என்று கேட்டேன். “அதுக்குத்தானே ஐயா ஃபிளாஸ்க்” என்றார்.

அந்த அரை மணி எந்த ரிஜிஸ்டரிலும் ஏறவில்லை. ஏறியதெல்லாம் வேறு. இரண்டு வருகைப் பதிவு, நேரில் ஒன்று, ஆன்லைனில் ஒன்று. நோட்டுத் திருத்தியது போக பி.டி.எஃப். திருத்தம். ராத்திரி பத்து மணிக்கு “மிஸ், நாளைக்கு என் பையன் நேரிலா, வீட்டிலா?” என்று வாட்ஸ்அப். செல்போன் அவருடையது, டேட்டா அவருடையது, ரிங் லைட் அவருடையது. அதற்கு முந்தைய வருஷம் தனியார் பள்ளிகளில் எத்தனையோ ஆசிரியர்கள் பாதிச் சம்பளத்தில் ஓட்டினார்கள், சிலருக்கு அதுவும் இல்லை. ஹைபிரிட் வந்தபோது வேலை இரண்டு மடங்கானது. சம்பளம் இரண்டு மடங்காகும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. முழுசாக வந்தாலே போதும் என்றிருந்தார்கள்.

இதற்கெல்லாம் மருந்தாக ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ‘மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி’ என்று வெபினார் வைத்தார்கள். இரண்டு மணி நேரம். கட்டாயம் வரவேண்டும், கேமராவை அணைக்கக் கூடாது. மிஸ் வந்தார், கேமராவை அணைக்கவில்லை. நிபுணர் மூச்சை இழுத்து விடச் சொல்லிக்கொண்டிருந்தபோது மிஸ்ஸின் கட்டத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

ஹைபிரிட் எல்லாம் 2022-ஓடு போயிற்று என்று நினைப்பவர்கள் ஐப்பசி அடைமழையில் சென்னைக்கு வந்து பாருங்கள். விடியற்காலை கலெக்டர் லீவு விடுவார். டிவியில் அந்தச் செய்தி ஓடி முடிவதற்குள் வாட்ஸ்அப்பில் லிங்க் வந்துவிடும். மிஸ்ஸும் வெந்நீர் வைத்துவிடுவார்.

ஆகவே நிர்வாகிகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மக் வேண்டாம், டிரைபாட் வேண்டாம், வெபினார் வேண்டவே வேண்டாம். இரண்டு வகுப்புக்கு நடுவே 10 நிமிஷம் கொடுங்கள், ராத்திரி பத்து மணிக்குக் கேள்வி கேட்காதீர்கள். காபியை அவரே கொண்டுவருவார். எனக்கும் பக்கத்து வகுப்புக்கு ஓடுகிற வேலை மிச்சமாகும்.