நான்கு சாட்சி கேட்கும் வகுப்பு

நிஸ்வா, ஓமான்.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

"அரபுப் பிள்ளைகளுக்கு ஷேக்ஸ்பியர் என்னத்துக்குடா?" என்று கேட்டிருந்தீர்கள். நான் ஆங்கிலம் நடத்தும் வகுப்பிலேயே கேட்டுவிட்டேன். "அவர் எங்க ஆள் டீச்சர், ஷேக் ஜுபைர்!" என்றார்கள். அரபு நாடுகளில் இது பழைய வேடிக்கை; லிபியாவின் கடாஃபிகூடச் சொன்னதுண்டு. மீசை வைத்த எனக்கும் இங்கே 'டீச்சர்' என்றுதான் பெயர்.

வகுப்பில் ஒரு பக்கம் வெள்ளை திஷ்தாஷா அங்கியும் பூவேலைத் தொப்பியுமாகப் பையன்கள். மறுபக்கம் கறுப்பு அபாயாவில் பெண்கள். வீட்டுப்பாடம் கேட்டால் இரு பக்கமும் "இன்ஷா அல்லாஹ்" என்பார்கள். மறுநாள் பேரீச்சம்பழமும் கஹ்வா காப்பியும் வரும், வீட்டுப்பாடம் வராது. தின்ற வாயால் எப்படி அதட்டுவது?

அன்புக்குரியவரைக் கோடை நாளோடு ஒப்பிடும் ஷேக்ஸ்பியரின் 18ஆம் சானட்டை நடத்தினேன். நிஸ்வாப் பையன்கள் கொதித்துப்போனார்கள். இங்கே ஜூன் மாத வெயில் 45 டிகிரியைத் தொடும். "இது புகழ்ச்சியா, வசவா?" என்றான் ஒருவன். சலாலாப் பெண் ஒருத்தி எழுந்தாள். அவள் ஊரில் ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை 'கரீஃப்'. மலையெல்லாம் பச்சை, ஓயாத சாரல். "கோடையைவிட அழகு எது?" என்று அவள் கேட்க, வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. குற்றாலச் சீசனில் வளர்ந்த நான் யார் பக்கம் நின்றிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

ரோமியோவை இவர்கள் மதிப்பதே இல்லை. லைலாவுக்காகப் பித்தாகிப் பாலைவனத்தில் அலைந்த கைஸின் கதை கேட்டு வளர்ந்தவர்கள். "பார்த்து, மணந்து, செத்து, எல்லாம் ஒரே வாரத்தில்! என்ன அவசரம்?" என்கிறார்கள்.

ஒதெல்லோ கதை வேறு. அவன் மூர் இனத்தவன், ஆகவே சொந்தக்காரன். ஆனாலும் விடவில்லை. ஒரு பெண்ணின் ஒழுக்கத்தின் மேல் பழி சுமத்தினால் நான்கு சாட்சி வேண்டும் என்பது இஸ்லாமியச் சட்டம். "ஒரு கைக்குட்டையை நம்பி மனைவியை மூச்சடைத்துக் கொல்வதா? பழி சொன்ன இயாகோவிடம் சாட்சி எங்கே என்று கேட்டிருந்தால் நாடகம் பாதியில் முடிந்திருக்குமே!" என்றாள் இன்னொருத்தி. ஊரில் நாங்கள் எழுதிய எந்த விடைத்தாளிலும் இப்படி ஒரு வரி இருந்ததில்லை.

1719இல் வந்த ராபின்சன் குரூசோவை முதல் தீவுக் கதை என்று சொல்லப்போய் மாட்டிக்கொள்ள இருந்தேன். தீவில் தனியே வளரும் ஹய்யின் கதையை 12ஆம் நூற்றாண்டிலேயே அரபியில் எழுதியவர் இப்னு துஃபைல். அது 1708இலேயே அரபியிலிருந்து நேராக ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. நல்லவேளை, முந்தைய நாள் படித்துவைத்திருந்தேன்.

பி.ஏ. ஆங்கிலம் படிக்கும் நம் தம்பியிடம் சொல்லுங்கள், சித்தப்பா: நோட்ஸை மூடிவைத்துவிட்டு நாடகத்தைத் திறந்து அதோடு சண்டை போடட்டும். மார்க் குறைந்தால் நான் பொறுப்பில்லை.

அன்புடன்,
உங்கள் மகன்