கையைக் காதலித்த கதாநாயகன்

2003 ஏப்ரலில் ஒளிபரப்பான அமெரிக்கக் கார்ட்டூன் ‘சவுத் பார்க்’ பகுதி ஒன்றில், கார்ட்மேன் என்ற சிறுவன் தன் கையில் முகம் வரைந்து அதற்குப் பாடகி ஜெனிஃபர் லோபஸின் பெயரை வைக்கிறான். இசை நிறுவனம் அசல் லோபஸைக் கழற்றிவிட்டுக் கையை ஒப்பந்தம் செய்கிறது. நிஜத்திலும் லோபஸுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த நடிகர் பென் அஃப்லெக், கதையில் அந்தக் கையிடமே மனதைப் பறிகொடுக்கிறார். அபத்தம்தான். ஆனால் அந்நாளில் பத்திரிகைகள் இருவரையும் ‘பென்னிஃபர்’ என்று ஒரே சரக்காக்கி, மோதிரத்து வைரம் வரை செய்தியாக விற்றுக்கொண்டிருந்தன. ஆள் யாரென்றே கவலைப்படாத வியாபாரத்துக்கு ஒரு கை போதாதா என்ன?

லோபஸைப் போன்ற லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின் உச்சரிப்பையும் உணவையும் கிண்டலடிக்கும் மலிவான பகுதி இது என்று ஆட்சேபிக்கலாம். நியாயம்தான், அந்தச் சிரிப்பு இன்று கூசவே செய்கிறது. இருவரின் காதல் அவர்கள் சொந்த விஷயம், அதில் கார்ட்டூனுக்கு என்ன வேலை என்றும் கேட்கலாம். சொந்த விஷயமாக இருக்க யார் விட்டார்கள்? 2003 செப்டம்பரில் கல்யாணம் தள்ளிப்போனது, 2004-இல் பிரிவு, 2022-இல் லாஸ் வேகாஸில் திருமணம், 2025 ஜனவரியில் விவாகரத்து முடிவானது: அத்தனையும் தலைப்புச் செய்தி. சேர்ந்தாலும் லாபம், பிரிந்தாலும் லாபம். வாங்குவதற்கு நாம் இருக்கும்வரை அந்தக் கடைக்கு விடுமுறை கிடையாது.