சீசன் எப்போ சார்?

மே மாத லீவில் குழந்தைகளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போகலாமா? (ஓர் அப்பா, சென்னை)

தாராளமாக. பாறையை நன்றாகப் பார்க்கலாம். தென்மேற்குப் பருவமழை தொடங்குவது ஜூனில். பள்ளிக்கூடம் திறப்பதும் ஜூனில். இரண்டையும் ஒரே மாதத்தில் வைத்த புண்ணியவானைத்தான் நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஜூலையில் சனி, ஞாயிறு போனால் தண்ணீரை விடத் தலைகள்தான் அதிகம் தெரியும். ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை, பையனுக்குக் காய்ச்சல் என்று லீவு லெட்டர் கொடுத்துவிட்டுப் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறுங்கள். திரும்பி வரும்போது அநேகமாக லெட்டர் உண்மையாகியிருக்கும்.

தமிழ்நாட்டுக்கு மழை ஐப்பசியில். குற்றாலத்துக்கு மட்டும் ஆனி, ஆடியிலேயே எப்படி? (கல்லூரி மாணவி, விருதுநகர்)

மேற்கு மலை பெரும்பாலான மழையைக் கேரளத்துப் பக்கமே நிறுத்திக்கொள்கிறது. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவில் மட்டும் மலை கொஞ்சம் தணிந்து வழி விட்டிருக்கிறது. கொல்லம் ரயில் அந்த வழியாகத்தான் போகிறது. காற்று அந்த வழியாகத்தான் டிக்கெட் இல்லாமல் வருகிறது. அது கொண்டுவரும் தூறல்தான் சாரல். மலைமேல் கொட்டுவது சிற்றாற்றில் சேர்ந்து அருவியாக இறங்குகிறது.

நயாகராவைப் பார்த்துவிட்டு வந்த அண்ணி, குற்றாலமெல்லாம் ஒரு அருவியா என்கிறார். (ரோஷக்காரத் தம்பி, தென்காசி)

1950-ல் அமெரிக்காவும் கனடாவும் போட்ட ஒப்பந்தப்படி, சுற்றுலாக் காலத்துப் பகலில் நயாகராவில் நொடிக்குக் குறைந்தது 1 லட்சம் கன அடி விழ வேண்டும். ராத்திரியிலும் குளிர்காலத்திலும் 50 ஆயிரம் போதும். மிச்சத்தை மின்சாரத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம். அங்கே அருவிக்கே ஷிப்ட்! அது போகட்டும், அதன் அடியில் போய் அண்ணி தலையைக் கொடுத்தாரா என்று கேளுங்கள்.

அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் நம் மண்டை எப்படித் தப்பிக்கிறது? (வங்கி ஊழியர், கோவை)

மெயின் அருவியில் தண்ணீர் நேராக நம் தலைக்கு வருவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து, பொங்கி, கோபம் தணிந்த பிறகே கீழே இறங்குகிறது. உங்கள் மேனேஜர் அறைக்கும் உங்கள் சீட்டுக்கும் நடுவில் அப்படி ஒன்று தோண்ட முடியுமா, பாருங்கள்.

எண்ணெய், சீயக்காய் இல்லாமல் அருவியில் குளிக்க மாட்டேன் என்கிறார் மாமியார். (மருமகள், மதுரை)

எண்ணெய், சோப்பு, ஷாம்பு எல்லாவற்றுக்கும் அங்கே தடை. நீங்கள் எதற்கு வாயைக் கொடுக்கிறீர்கள்? போலீஸ்காரர் சொல்லட்டும்.

ரூம் போட்டுக் காத்திருந்தோம். குளிக்கத் தடை என்று விரட்டிவிட்டார்கள். நியாயமா? (ஏமாந்த குடும்பம், ஈரோடு)

நியாயம்தான். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. ஆம், பாறை பார்க்கலாம் என்று மேலே நான் சொன்ன அதே மே மாதம். கோடை மழை காலண்டர் பார்ப்பதில்லை. அடிவாரத்தில் வெயில் காயும்போதே மலைக்கு மேல் கொட்டியிருக்கும். அருவிக்கடியில் நிற்பவருக்கு அது தெரியாது. விசில் ஊதினால் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். ரூம் பணம் வீணாகாமல் இருக்கச் சித்திர சபைக்குப் போங்கள். நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று. இங்கே அவர் சிலையாக இல்லை, சுவரில் ஓவியமாக ஆடுகிறார். சுற்றிலும் சுவர் முழுக்க ஓவியங்கள். சீசன் கூட்டத்தில் பாதிப்பேர் இதைப் பார்க்காமலே ஊர் திரும்புகிறார்கள்.

அருவியில் குளித்தால் மட்டும் ஏன் இப்படிப் பசிக்கிறது? (பெயர் வேண்டாம், திருச்சி)

பிரானூர் பார்டர் பரோட்டாக் கடைகளில் விசாரியுங்கள். அருவியைக் கட்டியதே தாங்கள்தான் என்பார்கள்.