ஊர்புகாமை: இத்தாலிய வாடகைக் கார் குறித்த ஓர் ஆராய்ச்சி

அயல்நாட்டில் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அந்நாட்டின் பெருநகர் எதனுள்ளும் அதைச் செலுத்தாமல், எடுத்த வண்ணமே திருப்பி ஒப்படைக்கும் ஒழுக்கம் இங்கு ஊர்புகாமை எனப்படும். ஊர் என்றது மதிலும் மணிக்கூண்டும் கண்காணிப்புக் கேமராவும் உடைய பழைய நகரத்தின் நடுப்பகுதியை. புகாமை என்றது அஞ்சி விலகுவதை அன்று, ஆராய்ந்து விலகுவதை. இவ்விரண்டின் வேறுபாடு வெளியிலிருந்து காண்போர்க்குப் புலப்படாது. பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் வாழ்க்கைத்துணைக்கு மட்டும் ஐயமறப் புலப்படும்.

இத்துறைக்கு இத்தாலியைவிடச் சிறந்த ஆய்வுக்களம் இல்லை. மிலானையும் நேப்பிள்ஸையும் இணைக்கும் ஏ1 நெடுஞ்சாலை 1964-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது முதல், நகரங்களுக்கு இடைப்பட்ட நிலமெல்லாம் காருக்கு வசப்பட்டது. தஸ்கனி மாநிலத்தில், 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற ஓர்ச்சா பள்ளத்தாக்கின் குன்றூர்களுக்குப் பேருந்தை நம்பிச் செல்பவர், பேருந்தின் வசதிக்கேற்பவே அந்நிலத்தை ரசிக்க முடியும். ரோமையும் ஃப்ளாரன்ஸையும் மிலானையும் அதிவேக ரயில்கள் இணைக்கின்றன என்பதோடு, அவற்றின் நடுப்பகுதிகளில் காலால் நடப்பதே விரைவான வழியும் ஆகும். ஆகவே ஒரே நாடு, ஒரே பயணத்தில், கார் இன்றியமையாதது என்றும் கார் கூடாது என்றும் இரு கட்டளைகளைப் பிறப்பிக்கிறது.

இரண்டாம் கட்டளைக்குச் சட்ட வடிவம் தருவது இசட்.டி.எல். என்று சுருக்கி அழைக்கப்படும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மண்டலம். அதாவது, குடியிருப்போர் முதலிய அனுமதி பெற்றவர்களின் வண்டிகள் மட்டுமே குறிப்பிட்ட நேரங்களில் நுழையத்தக்க பகுதி. அதன் எல்லையில் தடுப்புக் கட்டையும் விசிலூதும் காவலரும் பெரும்பாலும் இருப்பதில்லை. சிவப்பு வளையம் சூழ்ந்த வெள்ளை வட்டப் பலகை ஒன்றும், கம்பத்தின் மேல் ஒரு கேமராவும் இருக்கும், அவ்வளவே. கேமரா நம்பர் பிளேட்டைப் படித்து, அனுமதிப் பட்டியலோடு ஒப்பிட்டு, பட்டியலில் இல்லாததைக் குறித்துக்கொள்கிறது. அனுமதியின்றி நுழைவதே குற்றமாதலின், வழி தவறி வந்தவர், தாம் அறியாமல் நுழைந்தோம் என்று வாதிட இடமில்லை.

இனி, பிறர் கொள்கையை முதலில் எடுத்துரைத்து மறுப்பதாகிய பரபக்கம். புகுநர் எனத்தக்க ஒரு சாரார், கோயம்பேட்டிலும் பாரிமுனையிலும் வண்டி ஓட்டியவனுக்கு நேப்பிள்ஸ் எம்மாத்திரம் என்பர். அவர்தம் திறமை மறுக்கத்தக்கதன்று. எதிரே வரும் மாநகரப் பேருந்துக்கும் இடப்புற ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே, ஹாரனாலும் சன்னல் வழியே நீட்டிய கையாலும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு நுழையத் தெரிந்தவர் உண்மையில் வல்லவரே. ஆயினும் அவ்வித்தை முழுதும் எதிரில் ஒரு மனிதர் இருப்பதைச் சார்ந்தது. கேமராவிடம் கை நீட்டிப் பயனில்லை. அது எவ்வளவு நன்றாக ஓட்டினார் என்று பார்ப்பதில்லை, யார் வண்டி என்றே பார்க்கிறது. எனவே அயல்நகரில் நுழைவது திறமை பற்றிய வினா அன்று, அனுமதி பற்றிய வினா என்பதும், புகுநர் தாம் எழுதாத தேர்வுக்கு மதிப்பெண் கேட்கின்றனர் என்பதும் பெறப்படும்.

திறமையைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் ஆர்.டி.ஓ. அலுவலகம் வழங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி, 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் வழிவந்தது, ஓராண்டு செல்லுபடியாகும். உள்ளூர் லைசென்ஸோடு சேர்த்து அதைக் காட்டுபவரை இத்தாலி ஓட்டுநர் என ஏற்றுக்கொள்கிறது. அவருடைய கைகள் ஏற்றுக்கொள்வதற்குச் சில நாள் ஆகும். அங்கே வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்வதால் ஸ்டியரிங் இடப்புறம் அமைந்திருக்க, கியரை வலக்கை தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இந்தியாவில் பரவலாக ஓடும் மாருதி போன்ற கார்களில் இண்டிகேட்டர் தண்டு வலப்புறமும் வைப்பர் தண்டு இடப்புறமும் இருக்க, ஐரோப்பியக் கார்களில் அவை இடம் மாறியுள்ளன. ஆகவே, திருப்பந்தோறும் உச்சி வெயிலில் உலர்ந்த கண்ணாடியின் மேல் வைப்பரைக் கறகறவென்று ஓடவிட்டுச் செல்லும் காரைக் காணும் தஸ்கனி உழவர், அதனுள் இருப்பவர் எத்திசைக்குரியவர் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். குன்றுப் பாதையில் இது நகைப்புக்குரியது, நாற்சந்தியில் அவ்வாறன்று.

ஊர்புகாமையின் உயிர்நிலை விளிம்பு, அதாவது காரை நிறுத்தி மனிதர் மட்டும் உள்ளே செல்லும் இடம். இதனை நன்கு உணர்ந்த நகரங்கள் சில உள. ஃப்ளாரன்ஸுக்கு வெளியே, ஏ1 நெடுஞ்சாலையிலிருந்தே நேராக நுழையத்தக்கதாய் 2017-இல் திறக்கப்பட்ட வில்லா கொஸ்தான்சா நிறுத்தகத்தில் காரை விட்டால், அங்கிருந்தே புறப்படும் டிராம் வண்டி நகரின் தலைமை ரயில் நிலையத்துக்கு அழைத்துச் செல்கிறது. பெரூஜா நகரம் இன்னும் ஒரு படி மேலே சென்று, குன்றின் அடிவாரத்து நிறுத்தகங்களிலிருந்து மேலே ஏற, பழங்கோட்டையின் உள்ளூடாக நகரும் படிக்கட்டுகளையும், 2008 முதல் மினிமெத்ரோ என்னும் சிறு ரயிலையும் அமைத்திருக்கிறது. சியெனாவிலும் நகரும் படிக்கட்டுகள் உண்டு. விருந்தினரை வரவேற்று அவர் வண்டியை மட்டும் வாசலில் நிறுத்தும் இப்பண்பாடு மேலும் ஆராயத்தக்கது.

விளிம்பைக் கடந்துவிட்டோமோ என்ற ஐயத்துக்குச் சாலைப் பலகைகளே தீர்வு. இத்தாலியில் சுங்க நெடுஞ்சாலைக்குப் பச்சைப் பலகையும், பிற முதன்மைச் சாலைகளுக்கு நீலமும், நகர்ப்புற இடங்களுக்கு வெள்ளையும் உரியன. வெள்ளைப் பலகையில் 'சென்த்ரோ', அதாவது நகர்நடு, என்னும் சொல்லின் அருகே ஒன்றனுள் ஒன்றாக வரைந்த கறுப்பு வளையங்கள் காணப்படும். துப்பாக்கி சுடும் பயிற்சியில் வைக்கும் குறிப்பலகையும் ஏறத்தாழ இவ்வாறே இருக்கும். இதைவிட வெளிப்படையாக ஓர் அரசு எச்சரிக்க இயலுமா என்பது தெரியவில்லை. ஆயினும் அவ்வளையங்களை நோக்கியே விரையும் சுற்றுலாப் பயணிகள் ஏராளம்.

காரை எங்கே பெறுவது என்பது இத்துறையில் பலரும் பிழைக்கும் இடம். நகர்நடுவிலுள்ள அலுவலகத்தில் பெற்றால், முதல் நிமிடமே ஊருக்குள் இருந்து தொடங்குவதால், புகாமலேயே புகுந்தவர் என்னும் முரண்நிலை நேர்கிறது. மாறாக, ஃப்ளாரன்ஸைக் காலால் பார்த்து முடித்தபின், 2019 முதல் ஓடும் டிராமில் பெரேத்தொலா விமான நிலையத்துக்குச் சென்று, அப்பகுதியில் காரைப் பெறுவோர், பக்கத்திலேயே தொடங்கும் ஏ11 நெடுஞ்சாலையில் ஏறி நகரத்துக்கு முதுகு காட்டலாம். விமான நிலையக் கிளைகளில் வாடகை சற்றுக் கூடும். அதனைத் தண்டத் தொகையோடு ஒப்பிட்டபின் எவரும் பேசுவதில்லை.

அத்தண்டம் வரும் முறையும் அறியத்தக்கது. வாடகை நிறுவனம் ஓட்டியவரின் பெயரைக் காவல்துறைக்குத் தெரிவித்த உழைப்புக்காக முதலில் ஒரு தொகையைக் கிரெடிட் கார்டில் கழித்துக்கொள்ளும். அது தண்டம் அன்று, தண்டம் வரப்போவதன் கட்டியம். எண்பது யூரோவுக்கு மேற்பட்ட உண்மைத் தண்டம் பின்னர் தபாலில் வரும். அயல்நாட்டில் வசிப்போருக்கு அறிவிப்பு அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாள் தருவதால், சித்திரையில் செய்த பிழைக்குப் பங்குனியில் ஓலை வருவதுண்டு. அதற்குள் பயணப் படங்களை உறவினர் அனைவரும் பார்த்து முடித்திருப்பர்.

எஞ்சியிருப்பது வெனிஸ். 1933-இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்தின் வழியே கடல் கழியைத் தாண்டும் கார்கள், பியாட்சாலே ரோமா என்னும் சதுக்கத்தோடு நின்றுவிட வேண்டும். அப்பால் உள்ளவை கால்வாயும் படிக்கட்டுப் பாலங்களும். அங்கே காரை நிறுத்தி வைப்பவர், ஓடாத காருக்கு வாடகையும் நின்ற காருக்குக் கட்டணமும் சேர்த்துச் செலுத்துவார். சதுக்கத்திலேயே வாடகை நிறுவனங்களின் கிளைகள் இருப்பதால், பாலத்துக்கு இப்பாலுள்ள மெஸ்த்ரேயில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு, பாலம் கடந்தவுடன் சாவியை ஒப்படைத்துவிடுவதே முறை. அதற்கு மேல் ஊருக்குள் ஓட்டலாமா என்னும் வினா வெனிஸைப் பொறுத்தவரை எழாமையால், அது இங்கு ஆராயப்படவில்லை.